அரை டேங்க் காட்டிச்சு

எங்கள் சலவைக்கூடத்து பிக்கப் வண்டி மூன்றாவது முறையாக டீசல் இல்லாமல் நின்றது, ஒரு சனிக்கிழமை விடியற்காலை, பாலத்தின் நட்ட நடுவில். பின்னால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய படுக்கை விரிப்பு நூற்று எண்பது, ஆபரேஷன் தியேட்டருக்கான பச்சைத் துணி நாற்பது. ஓட்டிக்கொண்டு போனவர் என் ஓரகத்தி, அதாவது என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. வயது அறுபத்தொன்று. ஊருக்கு அவர் வண்டிக்காரம்மா, எனக்கு அக்கா.

"கிளம்பும்போது அரை டேங்க் காட்டிச்சு" என்றார் அக்கா.

மூன்று முறையும் இதே வாக்கியம்தான். மூன்று முறையும் மெக்கானிக் வந்து சாவியைத் திருப்பிப் பார்த்தபோது டீசல் முள் அடிமட்டத்தில் படுத்துக் கிடந்தது. டீசல் வண்டி வற்றி நின்றால் டீசலை ஊற்றிவிட்டு ஓட்டிக்கொண்டு போக முடியாது. குழாயில் புகுந்த காற்றை எடுத்தால்தான் இன்ஜின் பிடிக்கும். அதனால் ஒவ்வொரு முறையும் அந்த மனிதரைத் தூக்கத்திலிருந்து எழுப்ப வேண்டியிருந்தது. எழுப்பப்பட்ட மனிதர் எப்படிப் பேசுவாரோ அப்படித்தான் பேசினார்.

"டேங்கும் காலி, முள்ளும் காலி. மீட்டர் சரியாத்தாம்மா இருக்கு. போன தடவையே டேங்குக்குள்ள இருக்கற மிதவையை மாத்திக் கொடுத்தேன். இதுக்கு மேல மீட்டர் என்ன செய்யும்? வாயைத் திறந்து கத்துமா?"

"நான் கண்ணால பார்த்தேன். அரை."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று அவர் ஸ்பேனரிடம் சொன்னார். அக்காவுக்குக் காது நன்றாகவே கேட்கும்.

அன்று ஆஸ்பத்திரியில் முதல் ஆபரேஷன் முக்கால் மணி நேரம் தள்ளிப்போனது. துணிக்கிடங்கு அதிகாரி எங்கள் வாசலுக்கே வந்தார். இன்னொரு முறை இப்படி நடந்தால் வேறு சலவைக்கூடத்தைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். போகும்போது என்னைத் தனியாக அழைத்து, "அவங்களுக்கு ஞாபகம் எல்லாம் எப்படி இருக்கு?" என்று கேட்டார். அந்தக் கேள்வியைக் கேட்டது அவர் ஒருவர்தான் என்று சொல்ல மாட்டேன். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. ஆனால் ஊர் கேட்பதற்கு முன்பே நான் எனக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை விடிந்ததும் விடியாததுமாக அக்காவின் மகனுக்குப் போன் செய்தவளும் நான்தான். அவன் வேறு ஊரில், ஒரு ராத்திரிப் பயணத் தூரத்தில், ஆபீஸ் வேலையில் இருக்கிறான்.

அக்கா யார் என்று தெரிந்துகொண்டால்தான் நான் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும்.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அக்காவின் கணவர் இஸ்திரி மேஜைக்கு முன்னால் நின்றபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். அவர்தான் வண்டி ஓட்டுவார். என் வீட்டுக்காரருக்கு அப்போதே முழங்கால் மடங்காது. ஓட்ட ஆள் இல்லாத வண்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வது, விற்றுவிடலாம் என்று ஆண்கள் கூடிப் பேசி, வாங்குகிறவரையும் வரச்சொல்லிவிட்டார்கள். அவர் வந்து டயரை உதைத்துப் பார்த்தார். பானெட்டைத் திறந்து பார்த்தார். உள்ளே பார்க்கலாம் என்று கதவுப் பக்கம் போனால் அக்கா ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருந்தார்.

"வண்டி விக்கறதுக்கு இல்ல. ஓட்ட ஆள் கிடைச்சாச்சு."

"யாரு?"

"தெரியலையா? நான்தான்."

அக்காவுக்கு அப்போது சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. பதினோரு நாளில் கற்றுக்கொண்டார். பத்தாவது நாள் எங்கள் கேட்டின் இடது தூணை ஒரு இடி இடித்தார். வண்டி முகத்தில் விழுந்த பள்ளத்தைத் தட்டி நிமிர்த்துகிறேன் என்று என் வீட்டுக்காரர் சுத்தியலை எடுத்தபோது, "இருக்கட்டும் தம்பி, எந்தப் பக்கம் இடிக்கும்னு ஞாபகம் வச்சுக்க வேண்டாமா?" என்று தடுத்துவிட்டார். தூணும் அப்படியே நிற்கிறது, பள்ளமும் அப்படியே இருக்கிறது. அதற்குப் பிறகு அக்கா எதையும் இடித்ததில்லை.

ஞாபகத்துக்கு வருவோம். ஆஸ்பத்திரியில் துணி எண்ணிக்கையை அதிகாரி எழுதிக்கொள்வார். அக்கா எதையும் எழுத மாட்டார். இரண்டு பேர் கணக்கும் இடித்தால் அக்காவின் கணக்குதான் நிற்கும். ஒருமுறை, "ஓரத்துல நீல நூல் தையல் போட்ட விரிப்பு ஒண்ணு, போன செவ்வாய்க்கிழமை மூணாவது வார்டுக்குப் போச்சு, இன்னும் திரும்பல" என்றார். அதிகாரி சிரித்தார். கடைசியில் அது டாக்டர் ஓய்வறைக் கட்டிலுக்கு அடியிலிருந்து வந்தது. அப்படிப்பட்டவரைப் பார்த்துத்தான் ஞாபகம் எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள்.

ஆனால் நான் பயந்ததிலும் நியாயம் இருந்தது. எங்கள் மாமியாருக்கு இதே வயதில்தான் மறதி ஆரம்பித்தது. ஆறு வருஷம் நாங்கள் இரண்டு பேரும்தான் பார்த்துக்கொண்டோம். பெற்ற பிள்ளைகளையே யாரென்று கேட்டு, எங்களை வேலைக்காரிகள் என்று நினைத்துத் திட்டி, திறந்த குழாயை மூட மறந்து வீட்டைக் குளமாக்கி, அப்புறம் போனார். அந்த ஆறு வருஷத்தை இன்னொரு முறை, அதுவும் அக்காவை வைத்துப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. அதனால் போனை எடுத்தேன்.

மகன் ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தான். பையை இறக்கி வைக்கும்போதே கூடத்தில் அம்மாவுக்கு எதிரே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"அம்மா, இன்னைக்கு என்ன தேதி?"

"ஏன், உன் போன்ல போட்டிருக்குமே?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லும்மா."

அக்கா தேதியைச் சொன்னார், கிழமையைச் சொன்னார். "நீ பொறந்து முப்பத்தாறு வருஷம் நாலு மாசம் ஆகுது. அன்னைக்கு நல்ல மழை. உங்கப்பா அவசரத்துல வலது காலுக்கு ஒரு செருப்பு, இடது காலுக்கு வேற செருப்புன்னு போட்டுக்கிட்டு வந்தாரு. இன்னும் ஏதாவது வேணுமா?"

"நூறுல இருந்து ஏழு ஏழா குறைச்சுச் சொல்லு."

இதை அவன் எங்கேயோ படித்துவிட்டு வந்திருந்தான். அக்கா கையிலிருந்த துணியை மடித்துக்கொண்டே சொன்னார். "தொண்ணூத்தி மூணு, எம்பத்தாறு, எழுபத்தொம்பது, எழுபத்திரண்டு, அறுபத்தஞ்சு…" மடிப்பு ஒன்றுக்கு ஒரு எண். நடுவில் ஒரு இடத்திலும் நிற்கவில்லை. "…பதினாறு, ஒம்பது, ரெண்டு. மிச்சம் ரெண்டு. கன்னத்துக்கு ஒண்ணா வாங்கிக்கிறியா?"

நான் சிரித்துவிட்டேன். அவன் சிரிக்கவில்லை. ஆணியில் தொங்கிய வண்டிச் சாவியை எடுத்து என் வீட்டுக்காரர் கையில் கொடுத்தான். "சித்தப்பா, அம்மா கேட்டா கொடுக்காதீங்க. நாலு நாளைக்கு ஒரு லோடு ஆட்டோவுக்குச் சொல்லியிருக்கேன். வியாழக்கிழமை நரம்பு டாக்டர்கிட்ட நேரம் வாங்கியாச்சு, அன்னைக்கு நான் வந்து கூட்டிக்கிட்டுப் போறேன். அடுத்த வாரத்துல இருந்து வேற டிரைவர்."

"வியாழக்கிழமை வரைக்கும் நேரம் இருக்குல்ல?" என்றார் அக்கா. "அதுக்குள்ள மறந்தது நானா முள்ளானு பார்த்துடறேன்."

"முள்ளுக்கு எப்படிம்மா மறக்கும்?"

"பொய் சொல்லத் தெரியும்ல?"

அவன் எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டினான். வாய் இவ்வளவு இருக்கும்போது புத்தியில் என்ன கோளாறு இருக்கப்போகிறது என்று எனக்கு அப்போதே தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. அவன் அன்று மாலையே ஊருக்குத் திரும்பிவிட்டான்.

அவன் போன பிறகு மடிப்பு அறையில் அக்கா தனியாக நின்றுகொண்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தார். ஒன்றாவது வார்டு முப்பது, இரண்டாவது வார்டு முப்பத்திரண்டு, குழந்தைகள் வார்டு பதினெட்டு. ஒப்பித்துப் பார்க்கிறார் என்று புரிந்தது. என்னைப் பார்த்ததும் நிறுத்தினார்.

"மாமியாருக்கு முதல்ல என்ன மறந்துச்சு? ஞாபகம் இருக்கா?"

"அடுப்பை அணைக்க மறந்தாங்க."

"இல்ல. முதல்ல நாத்தனார் பேரு. அடுப்பு அதுக்கு ஒரு மாசம் கழிச்சு." துணியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். "அவங்களும் 'நான் மறக்கல, நான் மறக்கல'ன்னுதான் சொன்னாங்க, இல்லடி?"

வெளியில் புலியாக நின்றவர் உள்ளே இப்படி நடுங்கிக்கொண்டிருந்தார். போன் செய்தது நான்தான் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லத் துணிச்சல் வரவில்லை.

திங்கட்கிழமை காலையில் பழைய அக்கா திரும்பி வந்தார். என் வீட்டுக்காரர் முன்னால் போய்க் கையை நீட்டினார்.

"அண்ணி, அவன் கொடுக்காதேன்னு…"

"வண்டி நின்ன இடத்துலயே நிக்கும் தம்பி. எனக்குச் சாவி வேண்டாம். நீயே உள்ள உக்காந்து திருப்பு. வண்டியை ஓட்டக் கூடாதுன்னுதானே சொன்னான், உன்னை வேலை வாங்கக் கூடாதுன்னு சொல்லலையே?"

வேலை வாங்கினார். டேங்கில் குழாயை விட்டு டீசலை முழுக்க வெளியே எடுக்க வேண்டும். வாயால் உறிஞ்சிவிடுகிற பொறுப்பு என் வீட்டுக்காரருடையது. ஒரு வாய் டீசல் குடித்துவிட்டு அவர் துப்பிய துப்பலை எழுத முடியாது. டேங்க் காலியானதும் சோப்புத் தண்ணீர் அளக்கிற ஐந்து லிட்டர் கேனால் திரும்ப ஊற்ற ஆரம்பித்தோம். ஐந்து ஊற்று, சாவியைத் திருப்பு, முள் எங்கே நிற்கிறதோ அங்கே மீட்டர் கண்ணாடியில் ஒரு கோடு. கோடு போட்டது துணிக்குக் குறி போடுகிற மையால். அது எத்தனை வெளுப்பு வெளுத்தாலும் போகாது. அந்தக் கோடுகள் இன்றும் இருக்கின்றன.

அந்த முள் பழைய காலத்து முள், சோம்பேறி. சாவியைத் திருப்பினால் சட்டென்று எழாது. அரை நிமிஷம் யோசித்து யோசித்து ஏறும். ஐந்து, பத்து, பதினைந்து, இருபது, இருபத்தைந்து. ஐந்து கோடும் அளந்து போட்ட மாதிரி சம இடைவெளியில் விழுந்தன. இருபத்தைந்தில் முள் சரியாக அரையில் நின்றது. ஐம்பது லிட்டர் டேங்க். ஒரு குறை சொல்ல முடியாது.

வேடிக்கை பார்க்க வந்த மெக்கானிக் இடுப்பில் கையை வைத்துக்கொண்டார். "நான் சொன்னேனா இல்லையா?"

முள் சரி. அப்படியானால் அக்காதான்.

அக்கா வண்டியின் படியில் உட்கார்ந்துவிட்டார். மதியம் சாப்பிடக் கூப்பிட்டபோதும் வரவில்லை. மூன்று மணி வாக்கில் எழுந்து வந்தார். "நாம தப்பான நேரத்துல கேள்வி கேட்டிருக்கோம். என்கிட்ட பொய் சொன்னப்ப மணி அஞ்சு. இன்னைக்குக் கேட்டப்ப மணி பத்து. திருடன் திருடற நேரத்துலதான் போய்ப் பிடிக்கணும். தம்பி, அஞ்சு லிட்டரை மட்டும் விட்டுட்டு மிச்சத்தை எடுத்துடு."

என் வீட்டுக்காரர் வாயைப் பொத்திக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு மூன்று பேரும் முற்றத்தில் நின்றோம். அக்கா ஓட்டுநர் இருக்கையில், நான் பக்கத்தில், என் வீட்டுக்காரர் ஜன்னலுக்கு வெளியே சாவிக்குக் காவல்.

"தினமும் என்ன செய்வேனோ அதையே அதே வரிசையில செய்யறேன். முள்ளை விட்டுக் கண்ணை எடுக்காதடி."

கதவைச் சாத்தினார். இருக்கையை ஒருமுறை அசைத்துப் பார்த்துக்கொண்டார். சாவியைத் திருப்பினார். முள் மெதுவாக முதல் கோட்டுக்கு வந்தது. ஐந்து லிட்டர், சரி. இன்ஜினைப் போட்டார். முள் அசையவில்லை. முன்கண்ணாடியைத் துடைத்தார். பிறகு விளக்கைப் போட்டார்.

முள் நகர ஆரம்பித்தது. நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தேன். இரண்டாவது கோட்டைத் தாண்டியது. மூன்றாவது. நான்காவதில் கொஞ்சம் தயங்கியது. அப்புறம் ஐந்தாவது கோட்டில், அரை டேங்கில், போய் உட்கார்ந்துகொண்டது.

"அக்கா!"

அவர் விளக்கை அணைத்தார். முள் இறங்கி முதல் கோட்டுக்கே வந்தது. மறுபடி போட்டார், ஏறியது. அணைத்தார், இறங்கியது. நாலு தடவை செய்து பார்த்தார். என் வீட்டுக்காரர் ஜன்னலுக்குள் தலையை நீட்டி, "அண்ணி, விளக்கைப் போட்டா டீசல் ஊறுது" என்றார். அவருக்கு அது ஏதோ நல்ல செய்தி மாதிரி இருந்தது.

எல்லாம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. அக்கா கிளம்புவது இருட்டில், விளக்கோடு. அப்போது அரை. வண்டி நின்றதும் பேட்டரியைக் காப்பாற்ற விளக்கை அணைத்துவிடுவார். மெக்கானிக் வரும்போது விடிந்திருக்கும். அப்போது காலி. ஒவ்வொரு முறையும் சாட்சி வந்து சேர்வதற்குள் திருடன் நல்ல பிள்ளையாகக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறான்.

அக்கா ஸ்டியரிங்கில் ஓங்கி ஒரு அறை விட்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை, இரண்டும்தான் என்று நினைக்கிறேன். "அரை டேங்க் காட்டிச்சு" என்றார். "காட்டிச்சுடி. காட்டிச்சு."

மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார். "விளக்குக்கும் முள்ளுக்கும் என்ன உறவு? நீ பின்னாடி போய் விளக்கு எப்படி எரியுதுன்னு பாரு."

போய்ப் பார்த்தேன். பின்னால் இரண்டு சிவப்பு விளக்குகளும் சீக்காளிக் கண் மாதிரி மங்கலாக இருந்தன. சொன்னேன். அக்காவுக்கு உடனே எங்கள் பெரிய துவைக்கும் மெஷின் ஞாபகம் வந்தது. ஒரு காலத்தில் அதைத் தொட்டவர்களையெல்லாம் ஷாக் அடித்துத் தள்ளியது. எர்த் கம்பி அறுந்துபோயிருக்கிறது என்று எலக்ட்ரீஷியன் கண்டுபிடித்தார். அன்றிலிருந்து மின்சாரத்தில் என்ன கோளாறு என்றாலும் அக்கா முதலில் எர்த்தைத்தான் சந்தேகப்படுவார். அந்த நிமிஷமே மெக்கானிக்கைப் போனில் எழுப்பினார்.

"பின் விளக்குக்கும் டீசல் டேங்குக்கும் எர்த் ஒண்ணா, தனித்தனியா?"

அந்தப் பக்கம் கட்டிலிலிருந்து எழுந்து உட்காருகிற சத்தம் கேட்டது. பிறகு, "ஒண்ணுதாம்மா. ஒரே போல்ட்டு" என்றார். அடுத்த மூச்சிலேயே, "நான் வர்றேன்" என்றார். இந்த முறை யாரும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை.

அவர் வருவதற்குள் அக்கா பழைய இஸ்திரிப் பெட்டிகள் இரண்டின் ஒயரை அறுத்து, முறுக்கிச் சேர்த்து வைத்திருந்தார். ஒரு முனையை பேட்டரியின் எர்த் பக்கம் மாட்டினார்கள். அரையில் முள் நிற்க, விளக்கு எரிய, மறு முனையை டேங்கின் இரும்பில் மெக்கானிக் அழுத்திப் பிடித்தார். முள் இறங்கி முதல் கோட்டில் நின்றது. பின் விளக்குகள் பளிச்சென்று எரிந்தன.

"விளக்கு கரண்டு திரும்பிப் போக வழியில்லாம டேங்க் மிதவையோட வழியில புகுந்து நெரிக்குதும்மா. இந்த வண்டியில வழி அடைபட்டா முள் மேல ஏறும். பகல்ல விளக்கு இல்ல, நெரிசல் இல்ல, முள் யோக்கியமா இருக்கு." அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். "கூடம் கோணல்தாம்மா. நான் சொன்னதை மறந்துடுங்க."

"மறக்கறதா? எனக்கா?" என்றார் அக்கா.

மெக்கானிக் வண்டிக்கு அடியில் மல்லாந்து நுழைந்தார். டேங்குக்குப் பின்னால், வண்டியின் இரும்புச் சட்டத்தில் அந்த எர்த் போல்ட் இருந்தது. போல்ட் என்று சொன்னால்தான் தெரியும். வெள்ளையும் பச்சையுமாகப் பூத்து, பாதி தின்னப்பட்டு, கம்பி ஒரு நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. விரலால் சுரண்டி மூக்கருகே கொண்டுபோனார்.

"துருப்பிடிச்சதுன்னா சும்மா துரு இல்ல இது. பிளீச்சிங் வாசனை. யாரு இதுல பிளீச்சிங் தண்ணி ஊத்தறது?"

யாரும் என்னைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

போன வருஷம் ஆஸ்பத்திரியில் ஒரு புது விதி போட்டார்கள். துணி ஏற்றுகிற வண்டியின் பின்தட்டைத் தினமும் கிருமிநாசினி போட்டுத் துடைக்க வேண்டும். ஒரு மூடி மருந்தை ஒரு வாளித் தண்ணீரில் கலந்து துடைத்தால் போதும். எனக்குத்தான் எதையும் வீணாக்கப் பிடிக்காதே. துவைத்து முடித்த பிறகு தொட்டியில் மிஞ்சுகிற பிளீச்சிங் தண்ணீரை வாளி வாளியாக மொண்டு, தினமும் மாலை பின்தட்டில் வீசி அடிப்பேன். பலகை இடுக்கு வழியாக அது எங்கே போகிறது என்று ஒரு நாளும் குனிந்து பார்த்ததில்லை. வண்டி பளபளவென்று இருக்கிறது என்று அதிகாரியே பாராட்டியிருக்கிறார். ஒரு வருஷமாக நானே வாளியில் மொண்டு மொண்டு அக்காவின் தலையில் ஊற்றியிருக்கிறேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

"நான்தான்" என்றேன்.

புது போல்ட் எடுக்கப் போன மெக்கானிக்கை அக்கா நிறுத்தி, "வியாழக்கிழமை வரைக்கும் அதுல கைவைக்காதே. சாட்சியைக் கலைக்கக் கூடாது" என்றார்.

வியாழக்கிழமை மகன் வந்து இறங்கியபோது மணி ஐந்தரை. வாசல் இன்னும் இருட்டாக இருந்தது. அக்கா அவனைப் பையோடு சேர்த்து ஓட்டுநர் இருக்கையில் ஏற்றினார்.

"டேங்க்ல அஞ்சு லிட்டர் இருக்கு. சித்தப்பாவைக் கேட்டுக்கோ. சாவியைத் திருப்பு. முள் எங்க நிக்குது?"

"அடியில."

"விளக்கைப் போடு."

அவன் போட்டான். முள் ஏறுவதைப் பார்த்தான். அவன் முகம் மாறியது. அக்கா இஸ்திரி ஒயரை அவன் கையில் கொடுத்து, எங்கே வைக்க வேண்டும் என்று காட்டினார். நான் உள்ளே உட்கார்ந்து முள் இறங்க இறங்கச் சத்தமாகச் சொன்னேன். அவன் வண்டிக்கு அடியிலிருந்து எழுந்து வந்தபோது சட்டை முழுக்க மண்.

"அம்மா…"

"தேதி சொல்லட்டுமா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "உன்னைப் போய்ச் சந்தேகப்பட்டுட்டேன்மா."

"நீ பட்டது பரவாயில்ல. நானே என்னைச் சந்தேகப்பட்டேன் பாரு, அதுதான் ஆறல." அக்கா வண்டியின் முகத்திலிருந்த பழைய பள்ளத்தில் கையை வைத்துக்கொண்டார். "மூணு தடவையும் முதல் நாள் பகல்ல முள் கீழ இருந்ததைப் பார்த்தேன்டா. நான் டீசல் போடலைங்கறதும் எனக்குத் தெரியும். காலையில வந்து பார்த்தா அரை. சரி, தம்பி கேன்ல வாங்கி ஊத்தியிருப்பான்னு நினைச்சுக்கிட்டுக் கிளம்பிட்டேன். இருபத்திரண்டு வருஷம் என்னை ஏமாத்தாத என் தலையை விட்டுட்டு, இந்தச் சோம்பேறி முள்ளை நம்பினேன். இனிமே யார் வந்து சொன்னாலும் நம்ப மாட்டேன். நீ சொன்னாலும் சரி, டாக்டர் சொன்னாலும் சரி."

"டாக்டர்கிட்ட வேண்டாம்மா. நான் போன் பண்ணி வேண்டாம்னு சொல்லிடறேன்."

"ஏன் வேண்டாம்? நேரம் வாங்கினது வாங்கினதுதான். போவோம். ஆனா வண்டியை நான்தான் ஓட்டுவேன்."

மெக்கானிக் அரை மணி நேரத்தில் போல்ட்டை மாற்றிக் கொடுத்தார். அக்கா, மகன், நான் என்று மூன்று பேரும் முன்னிருக்கையில் நெருக்கிக்கொண்டு போனோம். டாக்டர் தேதி கேட்டார், பேர் கேட்டார், நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைக்கச் சொன்னார்.

"ஞாயித்துக்கிழமையே ரெண்டுல முடிச்சிட்டேன் டாக்டர். முதல்ல இருந்து வேணுமா?"

முதலிலிருந்து கேட்டார், முதலிலிருந்தே சொன்னார். கோளாறு ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். அக்கா அந்தக் காகிதத்தை மடித்து மகனின் சட்டைப் பையில் வைத்தார். "எனக்கு எதுக்கு இது? மறந்துபோறவங்க வச்சுக்கட்டும்."

அவனைப் பேருந்து நிலையத்தில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது வண்டியில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் வாயைத் திறந்தேன்.

"அக்கா, அவனுக்குப் போன் பண்ணினது…"

"தெரியும்."

"எப்படி?"

"வண்டி பாலத்துல நின்னப்ப அஞ்சே கால். ஏழு மணிக்கு அவன் எனக்குப் போன் பண்ணி, 'பாலத்துலயா நின்னுச்சு?'ன்னு கேட்டான். பாலம்னு நான் அவன்கிட்ட சொல்லல. வீட்டுல உனக்கு மட்டும்தான் போன்ல சொன்னேன், உன் வீட்டுக்காரர் குறட்டை விடற சத்தம் அதுலயே கேட்டுச்சு. மிச்சம் யாரு?"

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மடிப்பு அறையில், நடுங்கிக்கொண்டு என்னிடம் கேட்டபோதும் அவருக்கு இது தெரிந்துதான் இருந்தது.

"கோபமா அக்கா?"

முன்னால் போன லாரியைத் தாண்டிவிட்டுச் சொன்னார். "போன் பண்ணதுக்குக் கோபம் இல்ல. பத்தடி தள்ளி நிக்கறவ, என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம, ஒரு ராத்திரி தூரம் தள்ளி இருக்கறவன்கிட்ட கேட்டே பாரு. அதுக்குக் கோபம். பிளீச்சிங் தண்ணிகூட ஒரு வருஷம் எடுத்துக்கிச்சுடி, போல்ட்டைத் தின்ன."

அழுதேன். அவர் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் இருக்கைக்குப் பின்னாலிருந்து மடித்து வைத்த ஒரு பச்சைத் துணியை எடுத்து என் மடியில் போட்டார். "தொடைச்சுக்கோ. மறக்காம துவைக்கப் போடு. நாப்பதுல ஒண்ணு குறைஞ்சா நான்தான் சொல்லியாகணும்."

தண்டனை கொடுக்காமல் விடவும் இல்லை. மாதம் ஒன்றாம் தேதி நான் வண்டிக்கு அடியில் படுத்து அந்த போல்ட்டை உப்புத்தாளால் தேய்த்து கிரீஸ் தடவ வேண்டும். எனக்கு இப்போது ஐம்பத்து நாலு வயது. படுப்பது சுலபம், எழுவதுதான் கஷ்டம். ஆனாலும் ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. நான் தேய்க்கும்போது அக்கா மேலே இருக்கையில் உட்கார்ந்திருப்பார், சாவியைத் திருப்பாமல்.

போன ஒன்றாம் தேதியும் அடியிலிருந்தே கேட்டேன். "டீசல் எவ்வளவு அக்கா இருக்கு?"

"பதினெட்டு லிட்டர்."

பிறகுதான் சாவியைத் திருப்பினார், விளக்கையும் போட்டார். அரை நிமிஷம் ஆனது.

"முள் எங்க நிக்குது அக்கா?"

"மூணாவது கோட்டுக்கும் நாலாவது கோட்டுக்கும் நடுவுல" என்றார் அக்கா. "பரவாயில்ல, அதுக்கு ஞாபகம் திரும்பிடுச்சு."